மழை பெய்தால் மலை ஏன் சரிகிறது? துளைநீர் அழுத்தம் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஐப்பசி பிறந்து குன்னூர் மலைப்பாதையில் மண் விழ ஆரம்பித்துவிட்டால், பர்லியாறு டீக்கடையிலிருந்து ஊட்டி மார்க்கெட் வரை மூன்று பேச்சு கேட்கும். ‘தண்ணி குடிச்சு மண்ணு கனத்துப்போச்சு, அதான் விழுந்துடுச்சு’ என்பார் ஒருவர். ‘மரத்தையெல்லாம் வெட்டினா இப்படித்தான்’ என்பார் இன்னொருவர். ‘பொக்லைன் வச்சு மலையைக் குடைஞ்சா சும்மாவா இருக்கும்’ என்பது மூன்றாமவர் பேச்சு. மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால், நேற்று வரை பல வருடம் நின்ற மேடு இன்று ராத்திரி இரண்டு மணிக்கு ஏன் விழுந்தது என்பதற்கு மூன்றிலுமே பதில் இல்லை.

அந்தப் பதில் தெரியாததால் மலையில் நிறையப் பணம் தவறான இடத்தில் போய் விழுகிறது. குழாய் பதித்து நீரை வெளியேற்ற வேண்டிய இடத்தில் சுவரை இன்னும் ஓர் அடி தடிமனாக்குகிறார்கள். நீர் இறங்கக் கூடாத இடத்தில் உறிஞ்சு குழி தோண்டுகிறார்கள். மழை விட்டதும் ஆபத்து தீர்ந்தது என்று வீடு திரும்புகிறார்கள். மண்ணுக்குள் நடப்பது என்ன என்று ஒருமுறை புரிந்துகொண்டால் இந்த மூன்றும் ஏன் தவறு என்பது தானாகவே விளங்கும். அதற்குப் பெரிய கணக்கு தேவையில்லை. கூட்டல், கழித்தல், வகுத்தல் போதும்.

தானாக நகரும் டம்ளர்

சமையலறையில் எல்லோரும் பார்த்திருக்கக்கூடிய ஒன்று. எவர்சில்வர் டம்ளரைச் சுடுதண்ணீரில் அலசி, சூடு ஆறுமுன் ஈரமான கல் மேடையில் கவிழ்த்து வையுங்கள். மேடை சிங்க் பக்கம் கொஞ்சமே சாய்ந்திருந்தாலும் போதும், டம்ளர் தானாக வழுக்கிக்கொண்டு போகும். அதே டம்ளரை ஆறிய பிறகு அதே ஈரத்தில் வைத்தால் நகராது.

டம்ளரின் எடை கூடவில்லை, மேடையின் சாய்வும் மாறவில்லை. மாறியது உள்ளே அடைபட்ட காற்று. சூட்டில் அது விரிகிறது. விளிம்பைச் சுற்றியுள்ள நீர் அது வெளியேறாமல் அடைத்துக்கொள்கிறது. அந்தக் காற்று டம்ளரை உள்ளிருந்து மேல்நோக்கித் தாங்குவதால், எடையில் ஒரு பங்கைக் காற்றே சுமக்கிறது. மீதி எடை மட்டும்தான் விளிம்பு வழியாக மேடையை அழுத்துகிறது. ஒரு பொருள் எவ்வளவு அழுத்திப் பதிகிறதோ அவ்வளவுக்குத்தான் உராய்வும் இருக்கும். பதிவு குறைந்தால் பிடிப்பும் குறையும். பிடிப்பு போனால், சிறு சாய்விலும் வழுக்கும்.

மலைச்சரிவில் காற்றின் வேலையை நீர் செய்கிறது. எளிமையாகச் சொன்னால் மண்சரிவு என்பது இவ்வளவுதான்.

மண் என்பது பாதி வெற்றிடம்

நீலகிரியின் அடியில் இருப்பது பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் மிகப் பழைய, கடினமான பாறை. அதன் மேல்பகுதி லட்சக்கணக்கான ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் சிதைந்து மண்ணாகியிருக்கிறது. அதுதான் நம் செம்மண். சில இடங்களில் அது ஒரு மீட்டர் தடிமன், சில இடங்களில் பத்து மீட்டருக்கும் மேல். கெட்டியாகத் தெரியும் ஒரு கனமீட்டர் செம்மண்ணில் ஏறக்குறைய 40 முதல் 50 விழுக்காடு வெற்றிடம். மண் துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்க, நடுவில் சின்னச் சின்னத் துளைகள். வெயில் காலத்தில் அவற்றில் காற்றும் கொஞ்சம் ஈரமும் இருக்கும்.

தொடர்மழையில் நீர் இந்தத் துளைகள் வழியாகக் கீழே இறங்குகிறது. சிதையாத பாறையை எட்டியதும் இறங்க வழியில்லாமல் தேங்கி, துளைகளை நிரப்பிக்கொண்டு மேலே ஏறத் தொடங்குகிறது. கிணற்றில் ஆழம் கூடக் கூட அழுத்தமும் கூடுவதுபோலவே, துளைகளில் நிற்கும் இந்த நீரும் சுற்றியுள்ள துகள்களை எல்லாப் பக்கமும் தள்ளுகிறது. இந்தத் தள்ளலின் பெயர்தான் துளைநீர் அழுத்தம்.

மேலே இருக்கும் மண்ணின் மொத்த எடையிலிருந்து இந்த அழுத்தத்தைக் கழித்தால் என்ன மிஞ்சுகிறதோ, அதுதான் துகளுக்கும் துகளுக்கும் இடையே உண்மையில் பதியும் அழுத்தம். பொறியியலில் இதைப் பயனுறு தகைவு என்பார்கள். 1920களில் இஸ்தான்புல்லில் ஆசிரியராக இருந்த கார்ல் டெர்சாகி இந்தக் கழித்தலைத் தெளிவாக எழுதிக் காட்டிய பிறகுதான் மண் பொறியியல் ஒரு தனித் துறையாகவே எழுந்து நின்றது. இன்றைக்கும் அணை, சுரங்கப் பாதை, மலைச்சாலை எதைக் கட்டினாலும் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மண்ணைச் சரிவில் பிடித்து வைத்திருப்பது துகள்களுக்கு இடையேயான உராய்வு. உராய்வு பதிவைப் பொறுத்தது. துளைநீர் அழுத்தம் பதிவைக் குறைக்கிறது.

எடையா, அழுத்தமா? கணக்கே சொல்லட்டும்

‘கனத்துப்போச்சு’ என்ற பேச்சை எண்களில் சோதித்துப் பார்க்கலாம். இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆனால் கட்டுரையின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

30 பாகை சாய்ந்த ஒரு சரிவு. பாறைக்கு மேல் 3 மீட்டர் மண். ஈரம் குறைந்த நிலையில் ஒரு கனமீட்டர் மண் 1.8 டன். சரிவின் அடிப்பரப்பில் ஒரு சதுர மீட்டரை எடுத்துக்கொண்டால், மண்ணின் எடை இரண்டாகப் பிரிகிறது: 4.05 டன் சரிவுக்குச் செங்குத்தாக அழுத்துகிறது, 2.34 டன் சரிவோடு சேர்ந்து கீழே இழுக்கிறது (இரண்டும் வேறு வேறு திசையில் இருப்பதால், கூட்டினால் மொத்த எடை வராது). பிடித்து நிறுத்தும் பக்கத்தில், இப்படிப்பட்ட மண்ணுக்கு உராய்வு ஏறத்தாழ பதிவின் 0.625 மடங்கு. அதாவது 2.53 டன். களிமண் துகள்களின் ஒட்டும் தன்மையால் வரும் பிணைப்பு அரை டன் என்று வைத்துக்கொள்வோம். மொத்தப் பிடிப்பு 3.03 டன்.

பிடிப்பை இழுவையால் வகுத்தால் 1.30. இந்த எண்ணுக்குப் பாதுகாப்புக் காரணி என்று பெயர். 1க்கு மேல் இருந்தால் மண் நிற்கும், 1க்குக் கீழே போனால் சரியும்.

இப்போது மழை. மண் முழுக்க நனைந்து கனமீட்டருக்கு 2 டன் ஆகிறது. முதலில், எடை மட்டும் கூடியது, நீர் எந்த அழுத்தமும் தரவில்லை என்று கற்பனை செய்வோம். இழுவை 2.60 டன்னாக ஏறுகிறது. ஆனால் பதிவும் 4.5 டன்னாக ஏறுவதால் பிடிப்பு 3.31 டன் ஆகிவிடுகிறது. காரணி 1.27. எடை கூடியதால் வந்த இழப்பு வெறும் 0.03. கனம் கூடினால் இழுவையும் கூடும், பிடிப்பும் கூடும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

அடுத்து, அழுத்தத்தையும் சேர்ப்போம். நீர்மட்டம் மண்ணின் பாதி உயரத்துக்கு, அதாவது 1.5 மீட்டருக்கு ஏறினால், அது பதிவிலிருந்து 1.1 டன்னுக்குச் சற்று அதிகமாகக் கழித்துவிடும். காரணி 1.00. நூலிழையில் நிற்கிறது. மண் மேற்பரப்பு வரை நீர் ஏறினால் கழிவது 2.25 டன், பதிவில் பாதி. காரணி 0.73. அந்தச் சரிவு அதற்கு முன்பே போயிருக்கும்.

எடை பறித்தது 0.03. அழுத்தம் பறித்தது அரைக்கும் மேல். ஆகவே மலைச்சரிவுக்கு யார் என்ன செய்ய முன்வந்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது உள்ளே இருக்கும் நீர்மட்டத்தை இறக்குமா, ஏற்றுமா?

ஐப்பசியில் நின்ற மேடு கார்த்திகையில் ஏன் விழுகிறது

நீலகிரியில் மழை இரண்டு பக்கமிருந்து வருகிறது. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி, மேல்பவானி பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம். கிழக்குச் சரிவுகளின் பெரிய பேரிடர்களைப் பாருங்கள்: 1978, 1979, குன்னூர் மலைப்பாதையில் மரப்பாலம் என்ற இடம் சரிந்த 1993, பின்பு 2009. நவம்பர் மாதம் திரும்பத் திரும்ப வருகிறது.

காரணம் இதுதான். மழையை மில்லிமீட்டரில் அளக்கிறோம். 100 மி.மீ. மழை என்றால், எங்கும் ஓடாமல் நின்றிருந்தால் தரையில் 10 செ.மீ. நீர் நின்றிருக்கும் என்று பொருள். மண்ணில் இன்னும் நிரம்பாத துளை பத்தில் ஒரு பங்கு என்றால், உள்ளே இறங்கும் 10 செ.மீ. நீர் ஒரு மீட்டர் உயர மண்ணை நிரப்பிவிடும். அக்டோபர் முழுக்க நனைந்து, நிரம்பாத துளை இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டால்? அதே 100 மி.மீ. மழை நீர்மட்டத்தை இரண்டு மீட்டர் ஏற்றும். மேலே பார்த்த கணக்கில் ஒன்றரை மீட்டருக்கே சரிவு விளிம்புக்கு வந்துவிட்டது.

எனவே இன்றைக்கு எவ்வளவு பெய்தது என்பது பாதிக் கேள்விதான். கடந்த மூன்று நாள், பத்து நாள், முப்பது நாளில் எவ்வளவு பெய்தது என்பது மறுபாதி. ஆய்வாளர்கள் இதை முன்மழை என்று தனியாகவே கணக்கில் எடுக்கிறார்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மண்ணின் ஊடே நீர் மெதுவாகத்தான் நடக்கும். இறுகிய செம்மண்ணில் அது மணிக்குச் சில மில்லிமீட்டராகக்கூட இருக்கலாம். மேலே பெய்த நீர் மூன்று மீட்டர் ஆழத்துக்கு வந்து சேர நேரமாகும். மேட்டின் உச்சியில் இறங்கிய நீர் பக்கவாட்டில் நடந்து உங்கள் வீட்டின் பின்புறம் வர இன்னும் நேரமாகும். மழை நின்று வெயில் அடித்த பிறகும் சில மணி நேரம், சில இடங்களில் ஒரு நாளுக்கும் மேல், உள்ளே மட்டம் ஏறிக்கொண்டே இருக்கும். மழை விட்டவுடன் முகாமிலிருந்து வீட்டுக்குத் திரும்புவது இதனால்தான் ஆபத்து.

எல்லா இடத்திலும் நீர் ஒரே மாதிரி சேர்வதும் இல்லை. மலையின் மடிப்புகளில், இரண்டு மேடுகளுக்கு இடையேயான பள்ளங்களில், பழைய ஓடையை மூடி மட்டமாக்கிய மனைகளில் நாலாபக்கத்து நீரும் வந்து கூடுகிறது. ஓடையை மண் போட்டு மூடிவிட்டால் மேலே தெரியும் ஓட்டம்தான் மறையும். நீருக்கு அந்த வழி மறக்காது.

சுருக்கமாக: உள்ளே இறங்கிய நீரின் அளவு, ஏற்கெனவே இருந்த ஈரம், நீர் கூடும் இடம் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் ஒரு சரிவின் நேரத்தைத் தீர்மானிக்கின்றன.

செங்குத்தாக வெட்டிய மண் ஏன் நம்மை ஏமாற்றுகிறது

வீடு கட்ட மலையை வெட்டி மட்டம் செய்கிறோம். பின்னால் பத்துப் பன்னிரண்டு அடி உயரத்துக்குச் செம்மண் சுவர் போல நேராக நிற்கிறது. ‘நல்ல கெட்டி மண்ணு, இருபது வருஷமா அப்படியே நிக்குது’ என்கிறார் மேஸ்திரி. அவர் பார்த்ததைத்தான் சொல்கிறார். ஆனால் அந்தக் கெட்டித்தன்மையில் பெரும்பங்கு மண்ணுடையது கிடையாது.

மண் பாதி ஈரமாக இருக்கும்போது துகள்களுக்கு இடையே மெல்லிய நீர்ப்படலம் ஒட்டிக்கொண்டிருக்கும். அது துகள்களை ஒன்றை நோக்கி ஒன்று இழுத்துப் பிடிக்கும். இதற்கு உறிஞ்சு இழுவை என்று பெயர். அதாவது நீர் கொஞ்சமாக இருக்கும்போது மண்ணைப் பிடித்துக்கொள்கிறது, நிரம்பிவிட்டால் அதே நீர் மண்ணைத் தள்ளுகிறது. செங்குத்தாக நிற்கும் செம்மண் பெரும்பாலும் இந்த இழுவையின் கடனில் நிற்கிறது. மேலிருந்து வரும் நீர் துளைகளை முழுக்க நிரப்பியதும் அந்த உறிஞ்சு இழுவை பூஜ்யமாகிவிடும். இருபது வருடம் நின்ற சுவருக்கு அந்த அளவு நனையும் ஒரு மழை இருபது வருடமாக வரவில்லை என்பதுதான் அதன் பொருள்.

வெட்டுவதால் வரும் இன்னொரு கேடு, சரிவின் அடிவாரத்தில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த மண் போய்விடுவது. வெட்டிய மண்ணை எங்கே கொட்டுகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் கீழ்ப்பக்கச் சரிவின் தலையில். அடியில் எடுத்து, தலையில் ஏற்றுகிறோம். அந்தக் கொட்டிய மண் இறுகாதது. ஒரு மழைக்குச் சேறாகி ஓடிவிடும். நீலகிரியில் மண் வெட்டும் இயந்திரங்களுக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி கட்டாயமாக்கப்பட்டிருப்பதைத் தொல்லை என்று நினைப்பவர்கள், இந்த ஒரு பத்தியை மட்டுமாவது யோசிக்க வேண்டும்.

தடுப்புச் சுவர்: குழாய்தான் முக்கியம்

கருங்கல்லோ கான்கிரீட்டோ, 3 மீட்டர் உயரத் தடுப்புச் சுவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்னால் ஈரம் குறைந்த மண் மட்டும் இருந்தால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் மண் ஏறக்குறைய 2.5 டன் விசையோடு தள்ளும். பின்னால் நீர் முழுக்கத் தேங்கிவிட்டால் தள்ளல் ஏறக்குறைய 5.9 டன். இதில் 4.5 டன் நீருடைய பங்கு மட்டுமே. மலைப்பாதைகளில் தடுப்புச் சுவர் வயிறு தள்ளி, பின்பு விரிந்து விழுவதற்கு வழக்கமான காரணம் இதுதான்.

நீரை வெளியே விட்டால் இந்த 4.5 டன் இல்லாமலே போய்விடும். அதற்காகத்தான் வீப்ஹோல் எனப்படும் கசிவுத் துளைகள். 75 அல்லது 100 மி.மீ. பிவிசி குழாய்களை, வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாக, ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் வைப்பார்கள். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் குழாய்கள் நேர்க்கோட்டில் அமையாமல் மாறி மாறி வர வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் வேலை செய்வதில்லை?

குழாயின் பின்முனை நேராகச் செம்மண்ணில் முட்டிக்கொண்டிருக்கும். முதல் மழையிலேயே களி வந்து அடைத்துவிடும். சுவருக்குப் பின்னால் குறைந்தது ஓர் அடி அகலத்துக்கு ஜல்லி அடுக்கி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவில் ஜியோடெக்ஸ்டைல் என்னும் வடிகட்டித் துணி போட்டால்தான் நீர் வரும், மண் வராது. பணம் மிச்சம் பிடிப்பவர்கள் முதலில் கைவைப்பது இந்த ஜல்லியில்தான், ஏனென்றால் சுவர் எழும்பிய பிறகு அது யார் கண்ணுக்கும் தெரியாது. சில இடங்களில் குழாய் கான்கிரீட்டின் பாதியோடு நின்றுவிடும், மறுபுறம் திறந்தே இருக்காது. ஒரு நீளமான கம்பியை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்: சுவரின் தடிமனைத் தாண்டிக் கம்பி போக வேண்டும். பெருமழையன்று சுவர் முழுக்க ஈரம் கசிந்து, குழாய்களில் மட்டும் ஒரு சொட்டும் வராமல் இருந்தால் அவை அடைபட்டிருக்கின்றன.

நீலகிரியில் சில சாலையோரச் சரிவுகளில் நெடுஞ்சாலைத் துறை கையாண்டிருக்கும் மண் ஆணி முறை வேறு வழியில் வேலை செய்கிறது. சரிவில் ஒன்றரை மீட்டர் அளவு இடைவெளியில், கீழ்நோக்கிச் சற்றுச் சாய்வாகத் துளையிட்டு, எஃகுக் கம்பி செருகி, சிமென்ட் கலவையைச் செலுத்துகிறார்கள். கம்பி சரியக்கூடிய மண்ணைக் கடந்து உள்ளே நிலையான மண்ணில் ஊன்றியிருக்க வேண்டும். மேலே வலை விரித்து, விதை கலந்த கூழைத் தெளித்துப் புல் வளர்க்கிறார்கள். பலர் கண்ணுக்குப் படுவது அந்தப் பச்சைப் புல்தான். அது மேல்மண் கரையாமல் காக்கிறது. சரிவைப் பிடிப்பது உள்ளே இருக்கும் கம்பி. இந்த முறையிலும் நீரை வெளியே எடுக்கும் குழாய்களை விட்டுவிட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கும்.

மரம் நட்டால் போதுமா

மரமும் சோலையும் வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. வேர்கள் மேல்மண்ணை வலைபோலப் பின்னிக் கட்டுகின்றன, இலைகள் மண்ணின் நீரை உறிஞ்சி வெளியே விடுகின்றன. கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களில் பாத்திகள் சரிவோடு கீழ்நோக்கி ஓடும்போது மேல்மண் எப்படிக் கரைந்து போகிறது என்று கேத்தி பள்ளத்தாக்கில் யாரும் பார்க்கலாம்.

ஆனால் வேரின் பலம் பெரும்பாலும் மேல் ஒன்றிரண்டு மீட்டரில் நின்றுவிடும். சரியும் தளம் ஐந்து மீட்டர் ஆழத்தில் இருந்தால் மேலே உள்ள மரங்களும் சேர்ந்தே இறங்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியபோது சோலையும் புல்வெளியுமான இடங்களிலும் சரிவுகள் விழுந்தன. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை அழித்த சரிவு தொடங்கியது வீடுகளுக்கு வெகு மேலே, காட்டுக்குள். தேயிலையிலும் வேறுபாடு உண்டு. விதையிலிருந்து வளர்ந்த பழைய செடிக்கு ஆணிவேர் உண்டு, கிளைத்துண்டிலிருந்து வளர்த்த புதிய ரகங்களுக்கு உண்மையான ஆணிவேர் கிடையாது.

ஆகவே, ஆழமில்லாத சரிவுகளுக்கு மரம் நல்ல மருந்து. ஆழமான சரிவுகளுக்கு நீர் வடிகால்தான் மருந்து.

வரைபடமும் முன்னறிவிப்பும் வேறு வேறு

‘எங்க ஊரு சிவப்பு மண்டலத்துல இருக்காம், இந்த வருஷம் சரியுமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு தனித்தனி விஷயங்கள் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

எங்கே சரியக்கூடும் என்று சொல்வது பாதிப்பு வாய்ப்பு வரைபடம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நாடு முழுக்கத் தயாரித்த வரைபடங்கள் 1:50,000 அளவில் அமைந்தவை. அதாவது வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். உங்கள் வீடும் அதன் பின்னால் உள்ள வெட்டும் அதில் ஒரு புள்ளிகூட ஆகாது. பச்சை நிறத்தில் இருக்கிறோம் என்பதற்காகச் செங்குத்தாக வெட்டலாம் என்று ஆகிவிடாது. சிவப்பில் இருப்பதால் நாளையே விழும் என்றும் இல்லை.

எப்போது என்று சொல்வது முன்னறிவிப்பு. அதன் அடிப்படை மழை வரம்பு. எவ்வளவு நேரம், எவ்வளவு வேகமாகப் பெய்தால் சரிவுகள் தொடங்குகின்றன என்று பழைய நிகழ்வுகளைத் தொகுத்துப் போடும் கோடு. 1980இல் நெல் கெய்ன் என்ற ஆய்வாளர் உலகின் பல மலைகளின் நிகழ்வுகளைச் சேர்த்து வரைந்த கோட்டின்படி, ஒரு மணி நேரம் மட்டும் என்றால் சுமார் 15 மி.மீ., ஒரு நாள் முழுக்க என்றால் மணிக்கு 4 மி.மீ.க்குச் சற்று மேல், அதாவது நாளுக்கு ஏறத்தாழ 100 மி.மீ. இது ஆழமில்லாத சரிவுகள் தொடங்கக்கூடிய கீழ்வரம்பு மட்டுமே. ஒவ்வொரு மலைக்கும் அதன் சொந்தக் கோட்டை அதன் சொந்தச் சரிவுகளைக் கொண்டுதான் வரைய வேண்டும். எந்தச் சரிவு எந்தத் தேதியில், எந்த மணிக்கு விழுந்தது என்ற பதிவு இல்லாமல் கோடு வராது. ஊர்க்காரர்களும் ஊராட்சியும் இந்த ஆய்வுக்குத் தரக்கூடிய ஆகப் பெரிய உதவி அந்த நேரக் குறிப்புதான்.

அம்ருதா விஸ்வ வித்யாபீடம் 2009இல் மூணாறில் அமைத்த கம்பியில்லா உணரி வலையமைப்பு இன்னும் ஒரு படி உள்ளே போனது. துளையிட்டு இறக்கிய பீசோமீட்டர் என்ற கருவி துளைநீர் அழுத்தத்தையே நேராக அளக்கிறது. சாய்வுமானி மண்ணின் நகர்வைக் காட்டுகிறது. அதே பல்கலைக்கழகமும், லண்டன் கிங்ஸ் கல்லூரியும், பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனமும், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையும் இன்னும் சில அமைப்புகளும் சேர்ந்து நடத்திய ‘லேண்ட்ஸ்லிப்’ ஆய்வுத் திட்டத்துக்கு டார்ஜிலிங்கும் நீலகிரியும்தான் களங்கள். அதன் தொடர்ச்சியாக 2020 பருவமழையிலிருந்து இப்பகுதிகளுக்குச் சோதனை அளவில் முன்னறிவிப்பு தரப்பட்டது. 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் தொடங்கப்பட்டது.

இந்த முன்னறிவிப்பு ஒரு பகுதிக்கானது. ‘குந்தா பக்கம் வாய்ப்பு அதிகம்’ என்று அதனால் சொல்ல முடியும், ‘உங்கள் வீட்டுப் பின்சுவர் விழும்’ என்று சொல்ல முடியாது. எச்சரிக்கை வந்து உங்கள் தெருவில் எதுவும் விழவில்லை என்றால் அறிவிப்பு பொய்த்தது என்று பொருள் ஆகாது. வீட்டளவில் கவனிக்க வேண்டியது வீட்டுக்காரர்தான்.

வீட்டைச் சுற்றி என்ன பார்ப்பது

முதலில் நீர் போகும் வழி. கூரை நீர், சமையலறை நீர், குளியலறை நீர் எல்லாம் எங்கே போகிறது என்று நடந்து பாருங்கள். மேட்டு வீட்டின் செப்டிக் டேங்க் ஊறல் குழி கீழ்வீட்டின் பின்புற மண்ணுக்குள் வருடம் முழுக்க நீர் ஊற்றிக்கொண்டிருக்கும். மழைக்கு முன்பே அந்த மண் பாதி நிரம்பிவிடுகிறது. மழைநீர் உறிஞ்சு குழி கோயம்புத்தூரில் நல்லது. செங்குத்துச் சரிவின் தலையில் அதே குழி வேண்டவே வேண்டாம். கூரை நீரைக் குழாய் போட்டு, சிமென்ட் பூசிய வாய்க்கால் வழியாக ஓடை வரை கொண்டுபோய் விட வேண்டும். வெட்டிய மேட்டின் தலைக்கு மேலே இரண்டு மூன்று மீட்டர் தள்ளி ஒரு வாய்க்கால் எடுத்தால், மேலிருந்து வரும் நீர் வெட்டுக்குள் இறங்காது. ஆனால் அந்த வாய்க்காலின் தரை விரிசல் விட்டிருந்தால் அது நீரை நேராகச் சரிவுக்குள் ஊற்றும் குழாயாகிவிடும். செப்டம்பரிலேயே பூச்சைப் பார்த்து அடைத்துவிடுங்கள்.

மழையை வீட்டிலேயே அளக்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, பக்கங்கள் நேரான எந்தப் பாத்திரமும் போதும். மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வையுங்கள். ஸ்கேலில் 10 மி.மீ. நீர் நின்றால் 10 மி.மீ. மழை, பாத்திரத்தின் வாய் எவ்வளவு அகலம் என்பது பொருட்டல்ல. தினமும் காலை எட்டரைக்கு அளந்து கொட்டி, மூன்று நாள் கூட்டுத்தொகையை எழுதி வையுங்கள். அந்தத் தொகை ஏறிக்கொண்டே போகும் நாட்களில் மேட்டுப் பக்க அறையில் படுக்க வேண்டாம்.

மண் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் சரிகிறது. மேட்டின் தலையில் பிறை வடிவ விரிசல், சாய ஆரம்பித்த மின்கம்பம், திடீரென்று இறுகிப்போன கதவு, தெளிவாக வந்துகொண்டிருந்த ஊற்று கலங்கி வருவது அல்லது நின்றே போவது: எல்லாமே உள்ளே நகர்வு தொடங்கிவிட்டதன் அடையாளம். விரிசல் கண்டால் அதற்குள் நீர் இறங்காமல் களிமண்ணை இறுக்கி அடைத்து, மேலே தார்ப்பாய் விரியுங்கள். விரிசலின் இரு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, இடைவெளியைக் காலையும் மாலையும் டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இடைவெளி கூடியது தெரிந்தால் அளப்பதோடு நிற்க வேண்டாம். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077க்குத் தகவல் சொல்லி, கீழ்வீட்டாரையும் கூட்டிக்கொண்டு பக்கவாட்டில் விலகிச் செல்லுங்கள். சரிவின் பாதையில் கீழ்நோக்கி ஓடக் கூடாது. மண் இறங்கும் வழியும் அதுதான்.